கான்சஸின் குரு பரம்பரை

அமெரிக்கக் கலாசாலைகளில் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் முப்பது நாற்பது வருஷம் ஒரே ஸ்தானத்தில் இருந்து ஓய்வு பெறுகிறபோது, அவர் ஜயித்த ஆட்டங்களையும் வாங்கிய பட்டங்களையும் எண்ணி முடித்த பிறகு, அவரிடம் உதவிப் பயிற்சியாளர்களாக இருந்தவர்கள் பிற்பாடு எங்கெங்கே போய் என்னென்ன சாதித்தார்கள் என்று தனியாக ஒரு கணக்குப் பார்ப்பது அந்நாட்டு ரசிகர்களிடையே வெகு நாளாக ஊறிப்போன சம்பிரதாயம். பத்திரிகைகளில் அதை வம்சாவளிப் படமாகவே வரைந்து காட்டுவார்கள். உச்சியில் குருவின் பெயர், அதன் கீழே சிஷ்யர்கள், அவர்களுக்கும் கீழே அவர்களுடைய சிஷ்யர்கள். படம் அடர்ந்திருந்தால் குரு மகான். வெறிச்சென்று இருந்தால், அவர் எத்தனை கோப்பை வாங்கியிருந்தாலும், வித்தையைத் தம்மோடே வைத்துக்கொண்டு போய்விட்டார் என்று ஒரு குறை. இந்த அளவுகோல் எவ்வளவு தூரம் நியாயமானது என்று பார்ப்பதற்கு, அந்த வம்சாவளியின் மூலம் எந்த ஊரில் இருக்கிறதோ அந்தக் கான்சஸ் சர்வகலாசாலையிலிருந்து தொடங்குவதே உசிதம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1891-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.ஸி.ஏ. நடத்திவந்த பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் கனடாக்காரர், பனிக்காலத்தில் வெளியே போய் விளையாட வழியின்றி முரண்டு பிடித்துக்கொண்டிருந்த 18 மாணவர்களைச் சமாளிப்பதற்காக, உடற்பயிற்சிக் கூடத்து மேல்மாடத்தின் விளிம்பில் பீச் பழக்கூடைகள் இரண்டை அடித்து மாட்டி, 13 விதிகளைக் காகிதத்தில் எழுதி ஒட்டியதுதான் இந்த ஆட்டத்தின் ஜனனம். பிறகு வைத்தியப் பட்டமும் வாங்கிக்கொண்டு 1898-ல் கான்சஸ் மாகாணத்து லாரன்ஸ் நகருக்கு வந்து, சர்வகலாசாலையின் பிரார்த்தனைக் கூடத்தையும் தேகப்பயிற்சியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட அவர், அங்கே கூடைப்பந்துக் குழு ஒன்றையும் ஏதோ ஒப்புக்கு நடத்திவந்தார். 1907-ல் அவர் விலகியபோது அந்தக் குழுவின் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. இன்றளவும் அந்தச் சர்வகலாசாலையின் பயிற்சியாளர் வரிசையில், ஜயித்ததைவிட அதிகமாகத் தோற்றவர் ஆட்டத்தைக் கண்டுபிடித்த அந்த மனுஷர் ஒருவர்தாம். ஃபாரஸ்ட் ஆலன் என்னும் மாணவருக்குப் பக்கத்துக் கலாசாலையிலிருந்து பயிற்சியாளராக வரும்படி அழைப்பு வந்தபோது, இந்த ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் எதற்கு, ஆடினால் போதாதா என்று நைஸ்மித் சிரித்தார் என்பது அந்த ஊரில் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. தொழிலே அவசியமில்லை என்று நினைத்தவர் தொழிலின் மூலபுருஷராக எல்லாப் படங்களிலும் உச்சியில் வீற்றிருக்கிறார். (அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்துவிட்டு வந்த ஹாரி குரோ பக் என்பவர்தாம் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.ஸி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை ஸ்தாபித்தவர் என்பதால், அந்த வம்சாவளியின் ஒரு கிளை நம் சைதாப்பேட்டை வரைக்கும் வந்திருக்கிறது என்று நாமும் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அமெரிக்கப் படங்களில் மட்டும் அதைத் தேடிப் பிரயோஜனமில்லை.)

பயிற்சியாளர் என்பதை ஒரு ஜீவனோபாயமாக, கௌரவமான உத்தியோகமாக ஆக்கியவர் ஆலன். நடுவராக நின்று கூவும்போது கப்பல் சங்கு போல முழங்கும் குரல் வாய்த்திருந்ததால் 'ஃபாக்' என்ற பட்டப்பெயர் பெற்ற அவர், கான்சஸில் இடைவெளி விட்டு 39 பருவங்கள் இருந்து 590 ஆட்டங்களை ஜயித்தார். 1927-ல் பயிற்சியாளர்களுக்கென்று தேசியச் சங்கம் ஏற்பட முன்னின்றார். 1936-ஆம் வருஷத்து பெர்லின் ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் சேர்க்கப்பட வேண்டும் என்று பல வருஷம் ஓயாமல் வாதாடினார். 1952-ல் தேசியப் பட்டத்தையும் வாங்கினார். அவரிடம் ஆடிய அடால்ஃப் ரப், கென்டக்கி சர்வகலாசாலையில் 1930 முதல் 1972 வரை இருந்து நான்கு பட்டமும் 876 வெற்றியும் கண்டார். அந்த 876-ஐ 1997-ல் தாண்டியவர் டீன் ஸ்மித். அவரும் ஆலனுடைய 1952-ஆம் வருஷத்துக் குழுவில் ஆடியவர். ஆகவே படம் வரைகிறவர்களுக்கு ஆலன் ஒரு கற்பக விருட்சம்.

ஆனால் ரப்பும் ஸ்மித்தும் கான்சஸில் இருந்த காலத்தில் பெரும்பாலும் களத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர்கள்; ரப் ஒரு நாளும் ஆலனின் உதவியாளராக இருந்ததில்லை; ஸ்மித் இருந்தது கொஞ்ச காலம். 1948 முதல் எட்டு வருஷம் ஆலனுக்கு வலது கையாக இருந்து, 1952-ல் ஜயித்த குழுவின் நெருக்கித் தடுக்கும் ஆட்டத்துக்குச் சூத்திரதாரி என்று அறிந்தவர்கள் சொல்லும் மெய்யான உதவிப் பயிற்சியாளர் டிக் ஹார்ப் என்பவர். எழுபது வயதானவர் பதவியில் நீடிக்கக் கூடாது என்ற விதிப்படி 1956-ல் ஆலனை வீட்டுக்கு அனுப்பியபோது, ஏழடி உயர வில்ட் சேம்பர்லேனும் சேர்ந்து வந்து வாய்த்திருந்த அந்தக் குழு ஹார்ப்பின் கைக்கு வந்தது. மறு வருஷமே தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், மூன்று முறை கூடுதல் நேரம் ஆடியும், வடக்குக் கரோலைனாவிடம் 54-53 என்று ஒரே புள்ளியில் தோற்றார். 1964-ல் ராஜினாமா செய்தார். உதவியாளர்களின் உயர்வை வைத்துக் குருவை நிறுப்பது என்று கண்டிப்பாக எடுத்துக்கொண்டால், ஆலனின் தராசுத் தட்டில் விழுவது ஹார்ப்தான், ரப் அல்ல. அந்த இறுதி ஆட்டத்தில் இன்னும் இரண்டு புள்ளி கிடைத்திருந்தால் உலகம் மாறியிருக்கும்! இருபத்திரண்டு வருஷம் கழித்து, 1986-ல், அந்த ஹார்ப்பை வடக்குக் கரோலைனாவுக்கு அழைத்துத் தம்முடைய உதவியாளர்களில் ஒருவராக வைத்துக்கொண்டவர் டீன் ஸ்மித் என்பது படத்தில் எந்தக் கோட்டினாலும் காட்ட முடியாத சங்கதி.

இதைவிடப் பெரிய விடுதல் ஒன்று உண்டு. 1933-ல் கான்சஸ் சர்வகலாசாலையில் சேர்ந்த ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின இளைஞருக்கு, அந்நாளைய நிறபேதத்தால் ஆலனின் குழுவில் ஆடும் உரிமை கிடையாது. அவர் குளித்துவிட்டுப் போனதற்காக நீச்சல் குளத்தின் தண்ணீரையே இறைத்துக் கொட்டினார்கள். அப்போது முதியவராகிவிட்ட நைஸ்மித் அவரைத் தம் மாணவராக ஏற்று, பள்ளியில் போதனைப் பயிற்சி பெறவும் மேற்படிப்புக்குப் போகவும் வழி செய்தார். மெக்லெண்டன் டர்ஹம் நகரில் கறுப்பினத்தாருக்கான கலாசாலையில் பயிற்சியாளராகி, பந்து கைக்கு வந்ததும் வந்த வேகத்தில் எதிர்க்கூடையை நோக்கிப் பாய்வதையும், களத்தின் முழு நீளத்திலும் எதிரியை நெருக்குவதையும் தம் பிள்ளைகளுக்கு ஒரு சாஸ்திரம் போலப் பயிற்றுவித்தார். 1944 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரார் எல்லாரும் கோயிலில் இருந்த நேரம் பார்த்து, டியூக் சர்வகலாசாலை வைத்திய மாணவர்களாகிய வெள்ளைக்காரக் குழு ஒன்றை ரகசியமாக வரவழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு ஆடினார்கள். போலீஸுக்கும் தெரியாது, பத்திரிகைக்கும் தெரியாது. ஆட்டம் 88-44 என்று முடிந்த பிற்பாடு, இரு சாராரும் கலந்து புதிதாக இரண்டு குழுக்கள் பிரித்து இன்னொரு முறை ஆடினார்களாம். 1957, 58, 59 என்று அடுத்தடுத்து மூன்று வருஷம் டென்னஸி மாகாணக் கலாசாலைக்கு அவர் தேசியப் பட்டம் வாங்கித் தந்தார். அவர் ஆலனுடைய உதவிப் பயிற்சியாளராக இருந்து முன்னுக்கு வந்தவர் அல்லர், ஏனென்றால் கான்சஸில் அந்தப் பதவியை அவருக்குக் கொடுப்பார் இல்லை. கான்சஸ் தந்த சிஷ்யர்களில் ஆட்டத்தின் போக்கையே மாற்றியவர்களை எண்ணினால் என் கணக்கில் அவர் முதல் மூவருக்குள் வருவார். உதவியாளர்களை மட்டும் எண்ணுகிற கணக்கில் அவருக்கு இடமே இல்லை.

இனி டீன் ஸ்மித். இந்த அளவுகோலுக்கு இலக்கணமாக எடுத்துக் காட்டப்படுகிறவர் அவர்தாம் என்பதால் அவரிடம் சற்று நிதானித்து நிற்க வேண்டும். கான்சஸ் மாகாணத்து எம்போரியாவில் 1931-ல் பிறந்தவர்; உயர்பள்ளிப் பயிற்சியாளரான அவருடைய தந்தை, நிறபேதம் உச்சத்தில் இருந்த 1934-லேயே கறுப்பினப் பையன் ஒருவனைத் தம் குழுவில் சேர்த்து மாகாணப் பட்டம் ஜயித்தவர். ஆலனிடம் ஆடிவிட்டு, ஆகாயப் படைக் கலாசாலையில் பாப் ஸ்பியர் என்பவருக்கு உதவியாளராக இருந்துவிட்டு, 1958-ல் ஃபிராங்க் மெக்கையரின் உதவியாளராக வடக்குக் கரோலைனாவுக்கு வந்தார். விதிமீறலுக்காகக் கலாசாலை விளையாட்டுச் சங்கம் தண்டித்ததை அடுத்து 1961-ல் மெக்கையர் வெளியேற, முப்பது வயது ஸ்மித் தலைவரானார். முதல் பருவத்தில் எட்டு வெற்றி, ஒன்பது தோல்வி. 1965 ஜனவரியில் ஓர் ஆட்டத்தில் தோற்றுக் குழுவினரோடு ஊர் திரும்பியபோது, அவரைப் போல் உருவம் செய்து மாணவர்கள் மரத்தில் தூக்கில் தொங்கவிட்டிருந்தார்கள். ஆட்டக்காரர்களில் ஒருவராகிய பில்லி கன்னிங்ஹம் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிப்போய் அதைப் பிய்த்தெறிந்தார். அதற்குப் பிறகு 32 வருஷம் அவர் அங்கே இருந்தார். 879 வெற்றி; தேசியப் போட்டியில் கடைசி நான்கு குழுக்களுக்குள் 11 முறை; 1982-லும் 1993-லும் பட்டம்.

அவரிடமிருந்து சிஷ்யர்கள் எடுத்துக்கொண்டு போனவை யாவை? கூடையில் பந்தைப் போட்டவன், பந்தைத் தனக்குத் தள்ளித் தந்தவனை நோக்கி விரலை நீட்டிக் காட்ட வேண்டும் என்பது அவர் வைத்த முறை. இன்னொன்று எனக்கு மிகவும் ருசிப்பது. ஓடி ஓடிக் களைத்துப்போன ஆட்டக்காரன் முஷ்டியை உயர்த்தினால் உடனே அவனை வெளியே எடுத்துவிடுவார். அப்படித் தானாகக் கேட்டு வெளியே வந்தவன், இளைப்பாறியதும் யாரையும் கேளாமல் தானாகவே உள்ளே திரும்பலாம். கேளாமல் நின்று சோர்ந்து ஆடினானோ, அவர் வெளியே எடுப்பார். மறுபடி எப்போது உள்ளே போவது என்பதையும் அவரே தீர்மானிப்பார். களைப்பை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை என்று இருபது வயதுப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லிப் புரியவைக்க முடியாது. இந்த ஏற்பாடு அதைத் தானாகவே செய்தது.

உதவிப் பயிற்சியாளரின் வேலை சபையோர் பார்க்கிற வேலை அன்று. ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களுக்குப் போய் உயரமான பையன்களைப் பார்ப்பது, அவர்களுடைய தாய்மார்களிடம் உட்கார்ந்து நல்ல வார்த்தை சொல்வது, எதிர்க்குழுவின் ஆட்டங்களைப் படத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறிப்பெடுப்பது, நம் பிள்ளை காலை வகுப்புக்குப் போனானா என்று கவனிப்பது என்று ராப்பகலாக நீளும். 1978-ல் ராய் வில்லியம்ஸ் என்னும் உயர்பள்ளிப் பயிற்சியாளரை ஸ்மித் அழைத்துக்கொண்டபோது கொடுத்த சம்பளம் வருஷத்துக்கு 2,700 டாலர். மனைவி மக்களை வைத்துக்கொண்டு அதில் காலம் தள்ள முடியாமல், குழுவின் படம் போட்ட நாட்காட்டிகளைக் கடை கடையாக ஏறி விற்றும், குருவின் தொலைக்காட்சி நிகழ்ச்சி பதிவான நாடாக்களை ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் காரில் எடுத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிப் போய் நிலையங்களில் சேர்ப்பித்தும் அவர் பிழைத்தார். பத்து வருஷம் இப்படி இருந்த பின், 1988-ல், எந்தக் கலாசாலையிலும் ஒரு நாள்கூடத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தறியாத அந்த மனிதரைக் கான்சஸ் சர்வகலாசாலை, அதுவும் அப்போதுதான் தேசியப் பட்டம் வாங்கியிருந்த கான்சஸ், தன் பயிற்சியாளராக நியமித்தது. காரணம் தம் பழைய கலாசாலைக்கு ஸ்மித் சொன்ன வாக்கு. வேறு சாமானியப் பயிற்சியாளரிடம் இதே பத்து வருஷத்தை இதே உழைப்போடு கழித்த ஒருவருக்கு அந்தக் கதவு திறந்திருக்குமா? திறந்திராது என்றே நினைக்கிறேன். வம்சாவளியின் அடர்த்தியில் பாதி, குருவின் வித்தையைக் காட்டுவதைக் காட்டிலும் அவருடைய பரிந்துரைக்கு ஊரில் இருந்த மதிப்பைக் காட்டுகிறது.

வில்லியம்ஸ் தம் யோக்கியதையைப் பிறகு நிரூபித்தார் என்பதில் சந்தேகமில்லை. 1991-ல் இண்டியானாபோலிஸில் நடந்த அரையிறுதியில் அவருடைய கான்சஸ் குழு குருவின் குழுவை 79-73 என்று ஜயித்தது. ஆட்டம் முடிய அரை நிமிஷமே இருக்கையில் நடுவரோடு ஏற்பட்ட தர்க்கத்தில் ஸ்மித் வெளியேற்றப்பட்டார். போகிற போக்கில் கான்சஸ் பெஞ்சின் பக்கம் வந்து சிஷ்யரின் கையையும் பிள்ளைகளின் கைகளையும் குலுக்கிவிட்டே போனார். இரண்டு வருஷம் கழித்து நியூ ஆர்லியன்ஸ் அரையிறுதியில் குரு 78-68 என்று பதிலுக்கு ஜயித்து, அப்படியே பட்டத்தையும் எடுத்துக்கொண்டார். வில்லியம்ஸ் பிற்பாடு வடக்குக் கரோலைனாவுக்கே திரும்பி 2005, 2009, 2017 என்று மூன்று பட்டம் ஜயித்து, 903 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார். குருவின் எண்ணிக்கை பின்தங்கிவிட்டது.

மற்றொரு பெரிய சிஷ்யர் லாரி பிரவுன். ஸ்மித்திடம் ஆடியவர், 1965 முதல் இரண்டு வருஷம் உதவியாளராக இருந்தவர். கலாசாலைப் பட்டத்தையும் (1988, கான்சஸ்) தொழில்முறைக் குழுக்களின் பட்டத்தையும் (2004, டெட்ராய்ட்) ஜயித்த ஒரே பயிற்சியாளர் என்ற கீர்த்தி அவருக்கு உண்டு. அவர் தலைமை வகித்த மூன்று கலாசாலைகளும் விதிமீறலுக்காகத் தண்டனை பெற்றன என்ற அபகீர்த்தியும் அவருக்கு உண்டு. 1988-ல் பட்டம் வாங்கிய கான்சஸுக்கு மறு வருஷம் போட்டியில் கலந்துகொள்ளவே தடை விதிக்கப்பட்டது. வம்சாவளி எழுதுகிறவர்கள் பிரவுனின் இரண்டு பட்டங்களையும் ஸ்மித்தின் பேரில் வரவு வைக்கிறார்கள். மூன்று தண்டனைகளை வைப்பதில்லை. வரவுப் பத்தி மட்டும் உள்ள கணக்குப் புத்தகத்தை எந்தக் கடைக்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

பிரவுன் கான்சஸில் இருந்த ஐந்து வருஷத்தில் அவரிடம் உதவியாக இருந்துவிட்டுப் போனவர்களில் ஜான் கலிபாரியும் பில் செல்ஃபும் அடக்கம். கலிஃபோர்னியாவில் ஒரு சிறு கலாசாலையின் பயிற்சியாளராக இருந்த கிரெக் பாபோவிச்சும் ஒரு வருஷம் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து கூட இருந்தார். 2008-ல் சான் அன்டோனியோவில் நடந்த இறுதி ஆட்டத்தில் செல்ஃபின் கான்சஸும் கலிபாரியின் மெம்ஃபிஸும் மோதின. அதற்கு முன் அரையிறுதியில் செல்ஃபிடம் தோற்றது வில்லியம்ஸின் வடக்குக் கரோலைனா. தாம் தோற்ற குழுவுக்கு ஆதரவாகக் கான்சஸ் பறவைச் சின்னத்தைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு இறுதி ஆட்டம் பார்க்க வந்த வில்லியம்ஸை, கரோலைனா ரசிகர்கள் எளிதில் மன்னிக்கவில்லை.

அளவுகோலின் மறுபுறத்தைப் பார்ப்பதற்கு டியூக் சர்வகலாசாலையின் மைக் ஷஷெஃப்ஸ்கி இருக்கிறார். பாப் நைட் என்ற பயிற்சியாளரிடம் ராணுவக் கலாசாலையில் ஆடி, இண்டியானாவில் அவருக்கே ஒரு வருஷம் உதவியாளராக இருந்தவர்; 42 பருவம் டியூக்கில் இருந்து ஐந்து பட்டம் வாங்கி, மொத்தம் 1,202 வெற்றிகளோடு 2022-ல் ஓய்வு பெற்றார். அந்த 42 வருஷ காலத்தில் அவரிடமிருந்து போன உதவியாளர் ஒருவர்கூடத் தலைவராக இருந்து தம் குழுவைக் கடைசி நான்கு குழுக்களுக்குள் கொண்டுபோகவில்லை. 2025-ல்தான், அவருடைய ஸ்தானத்திலேயே அமர்ந்த ஜான் ஷையர் அதைச் செய்தார். இதை வைத்து ஷஷெஃப்ஸ்கியைக் குறை கூறியவர்கள் ஏராளம். ஆனால் அந்த உதவியாளர்கள் எந்தெந்த இடத்துக்குப் போனார்கள் என்று யாராவது பார்த்தார்களா? 1946-க்குப் பிறகு தேசியப் போட்டியின் வாசலையே மிதிக்காத ஹார்வர்டை 2012-ல் அங்கே கொண்டுபோனவர் டாமி அமேக்கர். நார்த்வெஸ்டர்னின் கதை இன்னும் விசேஷம். 1939-ல் முதன்முதலாகத் தேசியப் போட்டியின் இறுதி ஆட்டம் நடந்ததே அந்தச் சர்வகலாசாலையின் கூடத்தில்தான் (அப்போது அங்கே பயிற்சியாளராக இருந்த டச் லான்போர்க், பார்க்கப்போனால், ஆலனிடம் ஆடியவர்). அப்படியிருந்தும் 78 வருஷம் அந்தப் போட்டியில் ஆடும் பாக்கியம் அதற்கு வாய்க்கவில்லை. 2017-ல் வாய்த்தது, பயிற்சியாளர் கிறிஸ் காலின்ஸ், டியூக்கில் உதவியாளராக இருந்தவர். பட்டங்களை மட்டும் எண்ணுகிற படத்தில் இவை பூஜ்யம்.

எனக்கு இந்த வரிசையிலேயே மிகவும் பிடித்தவர் பில் கத்ரிட்ஜ். கான்சஸ் மாகாணத்துக்காரர், ஆனால் சர்வகலாசாலையில் அல்ல, அதன் பங்காளியான கான்சஸ் ஸ்டேட்டில், டெக்ஸ் வின்டர் என்ற வேறொரு மேதையிடம் ஆடி, அவருக்கே உதவியாளராகவும் இருந்தவர். 1967-ல் ஸ்மித்திடம் வந்தவர் 30 வருஷம் அடுத்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த முப்பது வருஷத்தில் எந்தப் படத்திலும் அவர் ஒரு கிளையாக வளரவில்லை, ஏனெனில் உதவியாளர் உதவியாளராகவே இருக்கிறவரை இந்தக் கணக்கு அவரைக் காண்பதில்லை. 1997 அக்டோபரில், பருவம் தொடங்கும் தறுவாயில், ஸ்மித் விலகினார். வேறு ஆளைத் தேட அவகாசமில்லாத அந்த வேளையில் பதவி கத்ரிட்ஜுக்கு வந்தது. மூன்றே பருவம், 80 வெற்றி, 28 தோல்வி, இரண்டு முறை கடைசி நான்கில் இடம். போதும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அந்த 80 வெற்றி ஸ்மித்தின் வித்தையா, வின்டரின் வித்தையா, கத்ரிட்ஜின் சொந்தச் சரக்கா என்று பிரிக்க வழியில்லை. ஸ்மித்தின் 879-ல் கத்ரிட்ஜின் பங்கு எவ்வளவு என்றும் பிரிக்க வழியில்லை. சிஷ்யனைக் கொண்டு குருவை நிறுப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தவனால் குரு எவ்வளவு உயர்ந்தார் என்று ஒரு நாளும் கேட்பதில்லை.

ஸ்மித் 2015 பிப்ரவரியில் காலமானார். அதே வருஷம் மே மாதத்தில் கத்ரிட்ஜும் போய்ச் சேர்ந்தார். ஸ்மித்தின் உயில்படி, அவரிடம் ஆடித் தகுதிச் சின்னம் பெற்ற ஏறக்குறைய 180 பேருக்குத் தலைக்கு 200 டாலர் காசோலை தபாலில் வந்தது. வெளியே போய் ஒரு வேளை நல்ல சாப்பாடு சாப்பிடும்படி குறிப்பும் இருந்தது. உலகப் பிரசித்தரான மைக்கேல் ஜார்டனுக்கும் அதே 200 டாலர்தான், பெஞ்சை விட்டு எழாமல் நான்கு வருஷம் கழித்தவருக்கும் அதேதான்.

2022 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த அரையிறுதியில் ஷஷெஃப்ஸ்கியின் கடைசி ஆட்டத்தை 81-77 என்று ஜயித்து அவரை ஓய்வுக்கு அனுப்பியது வடக்குக் கரோலைனா. அதன் பயிற்சியாளர் ஹூபர்ட் டேவிஸ் ஸ்மித்திடம் ஆடியவர், வில்லியம்ஸிடம் உதவியாளராக இருந்தவர். இரண்டு நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் அவருக்கு எதிரே நின்றது பில் செல்ஃபின் கான்சஸ். செல்ஃப் பிரவுனின் உதவியாளர், பிரவுன் ஸ்மித்தின் உதவியாளர், ஸ்மித் ஆலனின் பிள்ளை. பாதி ஆட்டத்தில் 15 புள்ளி பின்தங்கியிருந்த கான்சஸ் 72-69 என்று ஜயித்தது. மறுநாள் படத்தைத் திருத்தியவர்கள் செல்ஃபின் பெயருக்குக் கீழே இன்னொரு பட்டத்தைச் சேர்த்து, அதை ஸ்மித் வழியாக ஆலன் வரைக்கும் ஏற்றிக்கொண்டு போனார்கள்; டேவிஸின் தோல்வியை ஸ்மித்தின் பேரில் எழுத யாரும் முன்வரவில்லை.